பணிப் பலகையைக் கையாளும் ஏஐ முகவருக்குக் கருவி விளக்கங்களை எப்படி எழுதுவது?

கேள்வி (பலகைக்காரர்)

வணக்கம். வேலைகளை அட்டைகளாகப் பட்டியல்களில் வைத்திருக்கும் எங்கள் குழுவின் பணிப் பலகையை ஏஐ முகவர் (சொன்ன வேலையைக் கருவிகளை அழைத்துத் தானே செய்யும் நிரல்) ஒன்று கையாளும் வகையில், எம்சிபி எனப்படும் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் (முகவரை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் நெறிமுறை) வழியாக 14 கருவிகளை அமைத்திருக்கிறேன். பலகையின் ஏபிஐ (நிரல்கள் அந்த மென்பொருளோடு பேசும் இடைமுகம்) ஆவணத்தில் இருந்த ஒருவரி விளக்கங்களையே அவற்றுக்கும் வைத்தேன். 'அட்டையை நீக்கும்', 'அட்டையைப் புதுப்பிக்கும்' என்ற அளவில்தான் அவை இருக்கின்றன.

இரண்டு சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'முடிந்த வேலைகளைப் பலகையிலிருந்து அகற்றிவிடு' என்று சொன்னால், காப்பகத்துக்கு அனுப்பும் கருவி இருந்தும் முகவர் அட்டைகளை அழித்துவிடுகிறது. சென்ற வாரம் 9 அட்டைகளை அவற்றிலிருந்த கருத்துரைகளோடு இழந்தோம். மேலும், பட்டியலின் அடையாள எண் கேட்கும் இடத்தில் அதன் பெயரைக் கொடுத்துப் பிழைச்செய்தி பெற்று, அதே அழைப்பை மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. விளக்கங்களை நீட்டி எழுதினால் தீருமா? ஒவ்வோர் உரையாடலிலும் அத்தனை சொற்களும் முகவர் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடத்தை அடைத்துக்கொள்ளுமே என்று தயங்குகிறேன்.

பதில் (ஆவணப்பிரியன்)

ஏபிஐ ஆவணத்தைப் படிக்கும் நிரலாளர் அந்தப் பலகையைக் கண்ணால் பார்த்தவர். அழிப்பது வேறு, காப்பகத்தில் வைப்பது வேறு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகவருக்கோ கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (எந்த உள்ளீடு எந்த வடிவில் வேண்டும் என்ற வரையறை) ஆகியவையே துணை. ட்ரெல்லோ என்ற பணிப் பலகைச் செயலியில் அட்டையைக் காப்பகத்துக்கு அனுப்பினால் பிறகு மீட்டுக்கொள்ளலாம், அழித்தால் மீட்க வழியில்லை. இத்தகைய வேறுபாட்டை அழிக்கும் கருவியின் தொடக்கத்திலேயே எழுதுங்கள்: 'அட்டையை நிரந்தரமாக அழிக்கும், மீட்க முடியாது. முடிந்த வேலைகளை அகற்ற இதை அழைக்கக் கூடாது. அதற்குக் காப்பகக் கருவி உள்ளது.' எப்போது அழைக்கக் கூடாது என்று சொல்லும் வாக்கியமே என் அனுபவத்தில் மற்றெல்லாவற்றையும்விட அதிகம் உதவியது.

அடுத்தது, ஒவ்வோர் அடையாளமும் எந்தக் கருவியின் விடையிலிருந்து கிடைக்கும் என்பது. நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தின் பணிப் பலகையான கிட்ஹப் புராஜெக்ட்ஸின் கிராஃப்கியூஎல் (ஒரு வினவல் மொழி) ஏபிஐயில் ஓர் உருப்படியின் நிலையை மாற்ற, புராஜெக்ட், உருப்படி, புலம் ('நிலை' போன்ற தகவல் கட்டம்), தெரிவு (அதில் தேர்ந்தெடுக்கும் மதிப்பு) ஆகிய 4 அடையாளங்கள் தேவை. அந்த உருப்படியின் அடையாளம், நாம் திரையில் பார்க்கும் இஷ்யூ (அங்கே பதிவாகும் வேலை அல்லது சிக்கல்) எண் அன்று. ஓர் இஷ்யூவைப் பலகையில் சேர்ப்பதையும் அதன் நிலையை மாற்றுவதையும் ஒரே அழைப்பில் செய்யவும் அங்கே இயலாது. ஜிரா என்ற பணி மேலாண்மைச் செயலியிலோ நிலையை நேரடியாக எழுத முடியாது. அந்த நேரத்தில் அனுமதிக்கப்படும் நிலைமாற்றங்களைக் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றன் அடையாளத்தை அனுப்ப வேண்டும். இந்த முன்பின் வரிசையை எழுதிவைக்காவிட்டால் முகவர் ஊகிக்கத்தான் செய்யும்.

பதில் (நிரல்வழி)

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் 9 அட்டைகளை இழந்த பிறகும் விளக்க வாக்கியத்தை மட்டும் காவலாக நம்புவது போதாது. 2025 மார்ச் மாத எம்சிபி பதிப்பில், ஒரு கருவி தரவை அழிக்கக் கூடியது என்று குறிக்கும் வசதி வந்திருக்கிறது. எனினும் அது வெறும் குறிப்புதான், தடை அன்று. அழிக்கும் கருவியை முகவருக்குத் தராமலே விடுங்கள். தந்தே ஆக வேண்டுமென்றால், மனிதர் ஒருவர் ஒப்புதல் தந்த பின்னரே அது இயங்கட்டும்.

பிழைச்செய்தியும் ஆவணத்தின் பகுதியே என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 'தவறான உள்ளீடு' என்று மட்டும் திருப்பினால், முகவர் அதே அழைப்பை மீண்டும் அனுப்புவதில் வியப்பில்லை. 'நீங்கள் தந்தது பட்டியலின் பெயர். அடையாள எண் தேவை. பட்டியல்களைக் காட்டும் கருவியை அழைத்து அதைப் பெறவும்' என்று திருப்பிப் பாருங்கள். இந்தச் சொற்கள் பிழை நேரும்போது மட்டுமே உரையாடலுக்குள் வருவதால், நீளம் பற்றிய உங்கள் தயக்கத்துக்கும் இது ஓரளவு விடையாகும். அதைவிட நல்லது, பெயரையே ஏற்றுக்கொண்டு அடையாள எண்ணைக் கருவியே தேடிக்கொள்ளுமாறு நிரலை மாற்றுவது. எழுத வேண்டிய விளக்கமும் அப்போது குறையும்.

மறுமொழி (பலகைக்காரர்)

இருவருக்கும் நன்றி. அழிக்கும் கருவியை எடுத்துவிட்டேன். நகர்த்தும் கருவி இப்போது பட்டியலின் பெயரையே ஏற்கிறது. ஒரே பெயரில் இரண்டு பட்டியல்கள் இருந்தால் என்ன செய்வது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில் (நிரல்வழி)

எடுக்கக் கூடாது. எந்த அட்டையையும் நகர்த்தாமல், பொருந்தும் இரு பட்டியல்களின் அடையாள எண்களையும் அவற்றிலுள்ள அட்டைகளின் எண்ணிக்கையையும் திருப்பி, எது வேண்டுமெனப் பயனரிடம் கேட்குமாறு செய்தியிலேயே எழுதுங்கள். கருவியின் விளக்கத்திலும் இந்த நடத்தையை ஒரு வரியில் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் முகவர் அதை வெறும் தோல்வியாகக் கருதி வேறு பெயர்களை முயன்று பார்க்கக்கூடும்.