பயிற்சி முடிந்து ஊர் திரும்பினால் எல்லாம் பழையபடியே. எங்கே பிசகு? ஒருவர் கேட்ட கேள்வியும் மூவர் சொன்ன பதிலும் கீழே; பெயர்கள் எல்லாம் புனைபெயர்கள்.

களப்பணி:
தடுப்பூசி, காசநோய்த் திட்டங்களை மாவட்ட அளவில் நடத்தும் 24 அலுவலர்களுக்கு மேலாண்மைப் பயிற்சி தர வேண்டும். கையில் 5 நாள்தான், பணமும் குறைவு. திட்டமிடல், நிதி, மேற்பார்வை என்று வகுப்பெடுத்தால் கேட்டுக்கொள்கிறார்கள். வேலையில் எதுவும் மாறுவதில்லை. எப்படி அமைக்கலாம்?

பதிவேடு:
ஐந்து நாளையும் ஒரே மூச்சில் நடத்தாதீர்கள். முதலில் 3 நாள், 8 வாரம் கழித்து மீதி 2. அந்த இடைவெளியில் நடப்பதுதான் உண்மையான பயிற்சி. அவரவர் 12 மாதப் பதிவேட்டு எண்களோடு வரச் சொல்லுங்கள்.

எண் குறைந்ததற்குக் காரணம் "மக்கள் ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினால் ஏற்காதீர்கள், எண் கேளுங்கள். பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே தடுப்பூசி) முதல் தவணை 400 குழந்தைகள், மூன்றாம் தவணை 312 என்றால் விடுபட்டது 22%. 10 சதவீதத்தைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும். 'ஏன்' என்று விடாமல் கேட்டுக்கொண்டே போனால், பல இடங்களில் வந்த குழந்தையையே திருப்பி அனுப்பியது தெரியவரும். இரண்டு பேருக்காக 10 டோஸ் குப்பியைத் திறந்தால் வீணாகுமே என்ற பயம். தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைத்தால் சில மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அந்த விதியை பென்டாவேலன்டுக்கும் பொருத்திவிடுகிறார்கள். திரவ பென்டாவேலன்ட் அப்படியல்ல. 2–8 டிகிரியில் இருந்து, காலாவதி ஆகாமல், குப்பியின் வெப்பக்குறியும் (சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம்) சரியாக இருந்தால், திறந்தபின் 28 நாள் வரை போடலாம். ஒரு சுற்றறிக்கையும் ஒரு மேற்பார்வையும் போதும், இது சரியாகிவிடும்.

கிடங்குக்கணக்கு:
இருப்புக் கணக்குக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 6 மாதத்தில் 540 பெட்டி போயிருந்தால் மாதம் 90 என்று போடுகிறார்கள். அதில் 2 மாதம் மருந்தே இல்லை என்றால் 4-ஆல்தான் வகுக்க வேண்டும்: 135. 90 என்று கேட்டு வாங்கினால் தட்டுப்பாடு மறுபடி வரத்தான் செய்யும்.

மேற்பார்வை:
மேலதிகாரிகளை மறந்துவிட்டீர்கள். நல்ல மேலாண்மைக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-ல் நான்கு நிபந்தனைகள் சொன்னது: போதிய மேலாளர்கள், திறன், இயங்கும் நிர்வாக முறைகள், ஆதரவான பணிச்சூழல். வகுப்பறை தொடுவது திறனை மட்டும். மூன்றாம் நாள் மதியம் மேலதிகாரிகளை வரவழைத்து, வண்டி, எரிபொருள், செலவு அதிகாரம் இவற்றில் எது கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

களப்பணி:
நன்றி. அந்த 8 வாரமும் யார் பின்தொடர்வது?

பதிவேடு:
வழிகாட்டிகள் 4 பேர், ஆளுக்கு 6 அலுவலர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு போன், நடுவில் ஒருமுறை நேரில். போனில் முதல் கேள்வி, "இப்போது எண் என்ன?" அறிக்கை எதுவும் கேட்க வேண்டாம், இருக்கிற படிவங்களே அவர்களுக்குப் பெரும் சுமை.