ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒரு கணக்கு, ஜிஏ4 ஒரு கணக்கு: விளம்பரதாரருக்கு எதைக் காட்டுவது?

செம்பருத்தி:
சமையல் குறிப்புத் தளம், வேர்ட்பிரஸ். ஒரே மாதத்துக்கு சிபேனலில் (ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கம்) இருக்கும், சர்வர் லாக்கைப் படித்து எண்ணும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் சொல்லும் வருகையாளர் எண்ணிக்கை, கூகுள் அனலிட்டிக்ஸ் (ஜிஏ4) சொல்வதைப் போல மூன்று மடங்கு. விளம்பரதாரர் கணக்கு கேட்கிறார். எதைக் கொடுக்கலாம்?

கோடங்கி:
ஜிஏ4 தான், இதுல யோசிக்க என்ன இருக்கு? சர்வர் லாக்ல (சர்வர் எழுதுற பதிவுக் கோப்பு) பதிவாகுறது ஆளுங்க இல்ல, கோரிக்கைகள். கூகுள்பாட் மாதிரி பேர் சொல்லிக்கிட்டு வர்றதை ஏடபிள்யூஸ்டாட்ஸ் ஒதுக்கிடும். குரோம்னு வேஷம் போட்டு வர்ற பாட்டை (தானியங்கி நிரலை) ஆளுன்னு எண்ணிடும். வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்துல தப்பான பாஸ்வேர்ட் போட்டாலும் 200 ('சரி'ங்கிற பதில்) தான் திரும்பும். அதனால விடிய விடிய பாஸ்வேர்ட் தட்டிப் பார்க்கிற ஸ்கிரிப்டும் உங்க 'வாசகர்'தான்.

ஆடிக்காற்று:
ஜிஏ4 மட்டும் ஒழுங்கா கோடங்கி? யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான் போட்டவர், பிரேவ் பிரவுசர் வைத்திருப்பவர் யாரும் அதன் கண்ணில் படுவதே இல்லை. சஃபாரி 2019 முதல் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீயை 7 நாளுக்கு மேல் வைப்பதில்லை. 10 நாள் கழித்துத் திரும்பி வரும் ஐபோன்காரர் புது ஆளாகிவிடுகிறார். ஒரு பக்கம் விடுகிறது, மறுபக்கம் ஊதிக் காட்டுகிறது. லாக் கோப்பு என் சர்வரில் நடந்ததை அப்படியே வைத்திருக்கிறது; வடிகட்டுவது என் வேலை. கோஆக்சஸ் என்ற லாக் படிக்கும் கருவியைப் போட்டு ஐபி, யூசர் ஏஜென்ட் (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரி), தேதி மூன்றையும் சேர்த்துப் பிரித்தால் போதும்.

கோடங்கி:
போதாதுங்க. கோஆக்சஸ்ல தேதியும் சேர்ந்துதான் ஒரு ஆள். தினமும் வர்றவர் மாசக் கூட்டல்ல 30 பேர். சரி, யூசர் ஏஜென்டைப் பாருங்க. 2023க்கு அப்புறம் ஆண்ட்ராய்டு குரோம் எந்த போன்ல இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10; கே'ன்னு ஒரே பாட்டுதான் பாடுது. மொபைல் நெட்வொர்க்ல சிஜிநாட் (ஒரே ஐபியைப் பலருக்குப் பங்கிடுற முறை) வழியா பல போன் ஒரே ஐபில வெளிய வரும். ஐபியும் ஒண்ணு, ஏஜென்டும் ஒண்ணு. எத்தனை பேர்னு எப்படிச் சொல்லுவீங்க?

ஆடிக்காற்று:
சரி, அப்படியென்றால் ஆளை விடுங்கள், பக்கத்தை எண்ணுங்கள் என்கிறேன்.

தறிக்காரன்:
ரெண்டு பேரும் அடிச்சிக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம், ஒரு நாள் எடுத்து ஒப்பிடுங்க. லாக்ல கெட் (GET, பக்கத்தைக் கேட்கிற) கோரிக்கை, 200 பதில், ஹெச்டிஎம்எல் பக்கம் மட்டும் வையுங்க. யூசர் ஏஜென்ட் காலியா இருந்தா தூக்குங்க. 'வாட்ஸ்அப்/2' ன்னு தொடங்குற வரிகளையும் தூக்கணும். அது லிங்க் அனுப்பும்போது முன்னோட்டம் எடுக்குற கோரிக்கை. நிஜமா கிளிக் பண்ணி வர்றவர் ஜிஏ4ல பெரும்பாலும் 'டைரக்ட்'னு (எங்கிருந்து வந்தார்னு தெரியாதவர்) விழுவார். பகிர்ற லிங்க்ல யூடிஎம் (எங்கிருந்து வந்ததுன்னு சொல்ற குறி) ஒட்டினாத்தான் பிரியும்.

நேரத்தைப் பார்க்க மறந்துடாதீங்க. பல ஹோஸ்டிங்ல லாக் யூடிசி (உலகப் பொது) நேரத்துல எழுதும், ஜிஏ4 இந்திய நேரத்துல இருக்கும். அஞ்சரை மணி நேரம் தள்ளிப் போச்சுன்னா 'ஒரே நாள்' ஒரே நாளா இருக்காது. பக்கத்தையே சிடிஎன் (இடையில நகல் வச்சுக் கொடுக்குற சர்வர்கள்) கேஷ் பண்ணிக் கொடுத்தா லாக்ல குறையும். தீம்லயும் பிளகின்லயும் ஜிஏ4 டேக் (எண்ணுற ஸ்கிரிப்ட்) இருந்தா ஜிஏ4ல இரட்டிக்கும்.

செம்பருத்தி:
நன்றி தறிக்காரன். இன்னொன்று: ஜிஏ4ல் 'லேண்டிங் பேஜ்' (வருகை தொடங்கிய பக்கம்) பட்டியலில் 'நாட் செட்' நிறைய வருகிறதே?

தறிக்காரன்:
சமையல் தளத்துல அது சகஜம். பக்கத்தைத் திறந்து வச்சிட்டு அரிசி ஊற வைக்கப் போயிடுவாங்க. 30 நிமிஷம் அசைவில்லாட்டி செஷன் (ஒரு வருகை) முடிஞ்சுடும். திரும்பி வந்து ஸ்க்ரோல் பண்ணா புது செஷன், ஆனா புதுசா பக்கம் திறக்கலை. அதான் நாட் செட். டேட்டா ஸ்ட்ரீமுக்குள்ள டேக் செட்டிங்ஸ்ல இந்த நேரத்தை 7 மணி 55 நிமிஷம் வரை கூட்டலாம். உங்களுக்கு 2 மணி நேரம் போதும்.

கோடங்கி:
ஆடிக்காற்று சொன்ன பக்கக் கணக்கையே விளம்பரதாரருக்குக் கொடுங்க, ஆனா ஜிஏ4லேர்ந்து. உங்க சொந்த லாக்கை அவர் எதை வச்சு நம்புவார்?

ஆடிக்காற்று:
ஹெட்லெஸ் குரோம் (திரையில்லாமல் ஓடும் குரோம்) பாட் ஜிஏ4லும் ஸ்கிரிப்டை ஓட்டிக் கணக்கில் ஏறும். அதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கையோடு ஜிஏ4ல் டேட்டா ரிடென்ஷனை (தரவு வைத்திருக்கும் காலத்தை) 2 மாதத்திலிருந்து 14 மாதமாக மாற்றிவிடுங்கள் செம்பருத்தி. அழிந்துபோன பழைய தரவு பிறகு மாற்றினாலும் திரும்பாது.