‘கு’ வந்தால் டேட்டிவா?

கல்தூண்:
நேற்று இங்கே ஒருவர் போட்ட குறிப்பைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “தமிழில் ‘ஐ’ வந்தால் அக்குசாட்டிவ், ‘கு’ வந்தால் டேட்டிவ். இதைப் பிடித்துக்கொண்டால் ஜெர்மன் வேற்றுமை ஒரே வாரத்தில் முடிந்தது” என்கிறார். அக்குசாட்டிவ் என்றால் ‘யாரை, எதை’ என்று காட்டும் செயப்படுபொருள் வேற்றுமை, டேட்டிவ் என்றால் ‘யாருக்கு’ என்று காட்டும் வேற்றுமை. இதை நம்பித் தேர்வுக்குப் போகிறவர்கள் பாவம். ஒரு வாக்கியம் போதும்: “உனக்கு போன் பண்ணுகிறேன்.” ‘கு’ இருக்கிறதா? ஜெர்மனில் “இஷ் ரூஃபெ டிஷ் ஆன்”. ‘நீ’ என்பதன் வடிவங்களில் டிஷ் அக்குசாட்டிவ். டேட்டிவ் என்றால் டீர் வந்திருக்க வேண்டும். ‘கு’ எங்கே போனது?

ஈரோட்டான்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். “எனக்குப் பிடிக்கிறது”, மீர் கெஃபெல்ட். “எனக்குக் குளிர்கிறது”, மீர் இஸ்ட் கால்ட். “உனக்கு உதவுகிறேன்”, இஷ் ஹெல்ஃபெ டீர். மூன்றும் டேட்டிவ். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவன் ‘நான்’ என்று தொடங்கி “இஷ் பின் கால்ட்” என்று சொல்லி மாட்டிக்கொள்வான், நம் பிள்ளைக்கு அது தானாக வரும். நான் இப்படிப் படித்துத்தான் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறினேன்.

கல்தூண்:
பி1 தேறியதற்கு வாழ்த்துகள். போனுக்குப் பதில் வரவில்லை. இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். “உன்னை நம்புகிறேன்”, ‘ஐ’. ஜெர்மனில் “இஷ் க்ளௌபெ டீர்”, டேட்டிவ். “உன்னைப் பின்தொடர்கிறேன்”, அதற்கும் “இஷ் ஃபோல்கெ டீர்”. விதியின் இரண்டு பாதியும் ஓட்டை.

மழைக்குருவி:
நான் லத்தீன் படிக்கிறேன். ஈரோட்டான் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது. “மிஹி லிபெர் எஸ்ட்” என்றால் “எனக்கு ஒரு புத்தகம் இருக்கிறது”. புத்தகம்தான் எழுவாய், வைத்திருப்பவர் டேட்டிவில். அச்சு அசல் தமிழ். ஆங்கில உரையில் இதைப் படித்தபோது குழம்பினேன், தமிழில் யோசித்ததும் புரிந்துவிட்டது.

கல்தூண்:
லத்தீனுக்கே வாருங்கள். “ரோமுக்குப் போகிறேன்”, “ரோமாம் எஓ”. முன்னால் எந்தச் சொல்லும் இல்லை, வெறும் அக்குசாட்டிவ். “உன்னை நம்புகிறேன்” அங்கேயும் “கிரேடோ டிபி”, டேட்டிவ். ஜெர்மனில் “பள்ளிக்குப் போகிறேன்” என்றால் “இன் டீ ஷூலெ”, அக்குசாட்டிவ். “பள்ளியில் இருக்கிறேன்” என்றால் “இன் டேர் ஷூலெ”, அதுதான் டேட்டிவ். ‘கு’ இருக்கும் இடத்தில் டேட்டிவ் இல்லை, இல்லாத இடத்தில் இருக்கிறது!

ஈரோட்டான்:
“ட்சூர் ஷூலெ” என்றும் சொல்வார்களே, அது டேட்டிவ்தானே? உங்களுக்குத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுக்கிறீர்கள். டேர், டீ, டாஸ் என்ற பால் காட்டும் சொற்களைப் பற்றிய இழையிலும் இதையே செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

கல்தூண்:
அந்த டேட்டிவைக் கொண்டுவந்தது ‘ட்சூ’ என்ற முன்னிடைச்சொல், உங்கள் ‘கு’ அல்ல. ‘மிட்’ போட்டாலும் டேட்டிவ்தான், “மிட் டீர்”. தமிழில் அது ‘உன்னோடு’. டேர், டீ, டாஸ் இழையிலும் நான் சொன்னதுதான் சரி. போன்?

பழையவன்:
கிரேக்கத்தை யாரும் தொடவில்லையே. பண்டைய கிரேக்கத்தில் டேட்டிவ் இருந்தது. இன்றைய பேச்சில், நிலைத்துப்போன சில தொடர்களைத் தவிர, இல்லை. “உனக்குச் சொல்கிறேன்” என்பதை ஏதென்ஸில் “சூ லேயோ” என்பார்கள், ஜெனிட்டிவ், அதாவது ‘உன்னுடைய’ என்கிற உடைமை வேற்றுமை. தெசலோனிகியில் “சே லேயோ”, அக்குசாட்டிவ். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி. அப்புறம் ஈரோட்டான், டேட்டிவை ‘நான்காம் வேற்றுமை’ என்று எழுதியிருந்தீர்கள். ஜெர்மன் பள்ளிக் கணக்கில் அது மூன்றாவது, அக்குசாட்டிவ்தான் நான்காவது. வகுப்பில் “ஃபியர்டர் ஃபால்”, அதாவது நான்காம் வேற்றுமை என்று ஆசிரியர் சொன்னதும் டேட்டிவ் எழுதி மதிப்பெண் இழந்தவன் நான்.

ஈரோட்டான்:
தொல்காப்பியத்திலேயே நான்காவது ‘கு’தான். ஜெர்மன்காரன் எண்ணுகிற மாதிரி நான் ஏன் எண்ண வேண்டும்?

பழையவன்:
ஜெர்மன் படிக்கிறீர்கள், அதனால்தான். தொல்காப்பியத்தை இதற்குள் இழுக்காதீர்கள்.

மழைக்குருவி:
என் லத்தீன் புத்தகத்தில் அக்குசாட்டிவ் மூன்றாவது வருகிறது, விளிக்கு அடுத்து. பிரிட்டன் வரிசை அப்படி, 1866இல் வந்த கென்னடியின் பாடநூல் பரப்பியது. அமெரிக்கப் புத்தகத்தில் வேறு. எண்ணை வைத்துச் சண்டை போட்டால் விடியாது.

பழையவன்:
மதிப்பெண் போனது உங்களுக்கு இல்லையே.

ஈரோட்டான்:
குறை சொல்ல நாலு பேர் வருவீர்கள், சொல்லிக்கொடுக்க ஒருவரும் வரமாட்டீர்கள். “மீர் கெஃபெல்ட்” தமிழ்ப் பிள்ளைக்குச் சுலபம். அதை ஒருவரும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பகுதி போடுகிறேன்.

கல்தூண்:
போடுங்கள். வினைச்சொல்லோடு சேர்த்தே வேற்றுமையை மனப்பாடம் பண்ண வேண்டும் என்று முதல் வரியில் எழுதுங்கள். ‘ஹெல்ஃபென்’ டேட்டிவ், ‘ஆன்ரூஃபென்’ அக்குசாட்டிவ். எழுதாவிட்டால் ஞாயிறும் வருவேன், இதே போனோடு.

ஈரோட்டான்:
பேச்சில் “உன்னை போனில் கூப்பிடுகிறேன்” என்றும் சொல்வோம். ‘ஐ’. அக்குசாட்டிவ். வந்துவிட்டதா?

கல்தூண்:
ஜெர்மனுக்குத் தகுந்தபடி தமிழை மாற்றிக்கொண்டே போனால் எந்த விதியும் பொருந்தும். நான் கேட்டது “உனக்கு போன் பண்ணுகிறேன்”.