வீட்டு வேலையும் ஆம்பளைங்களும்: கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க

சிப்புட்காரி:
மலேசியாவுல ரப்பர் தோட்டம் போச்சு, தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயம் இடிஞ்சுச்சு, எல்லாரும் தாமான்ல, அதான் டவுன் குடியிருப்புல, மலிவு வீட்டுக்கு வந்தோம். அந்தக் கதை இங்க யாருக்குத் தெரியாது? எனக்கு உறுத்துறது வேற. போன மாசம் சுங்கை சிப்புட்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி கிளவ் ஃபேக்டரியில நைட் ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறாங்க. அண்ணன் வெளியே துணி காயப்போடுறான். நல்லா உதறி, சட்டையைத் தலைகீழா மாட்டி, காலர்ல கிளிப் தடம் விழாம. எனக்கே அவ்வளவு நேர்த்தியா வராது. பக்கத்து வீட்டு மாமாவோட மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு பாருங்க, கையில இருந்த நைட்டியைச் சுருட்டிக் கூடைக்குள்ள திணிச்சான், கூடையைக் காலால மேசைக்கடியில தள்ளினான், குழாயைத் திறந்து காடி (கார்) கழுவ ஆரம்பிச்சுட்டான். காடி காலையிலேயே கழுவியாச்சு!

இதே அண்ணன்தான் கோயில் திருவிழாவுல ஊருக்கே சாம்பார் கிளறுவான். அண்டாவுக்குள்ள தலையை விட்டுத் தேய்ப்பான், அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்ல வேற போடுவான்.

பழைய கிராணி:
தங்கச்சி, இதெல்லாம் தாமானுக்கு வந்த பிறகு ஒட்டிக்கிட்ட வியாதி. தோட்டத்துல இந்தப் பேதம் கிடையாது. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் விடியக்காலையில பேர் கூப்பிடுற ஒரே பெரட்டுல நிப்பாங்க, பக்கத்துப் பக்கத்து நெரையில ரப்பர் மரத்துல பால் வெட்டுவாங்க, ஒரே தராசுல பால் நிறுப்பாங்க. நான் கிராணியா, அதாவது தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கா, தினம் பேர் எழுதினவன், எனக்குத் தெரியும். எங்க தோட்டத்துல ஒருத்தர் பொஞ்சாதிக்குப் பேறுகாலத்துல தானே பத்தியக் கஞ்சி வச்சுக் கொடுத்தார். லயமே சிரிச்சுச்சு. அவர் சட்டை பண்ணவே இல்ல.

வெட்டுக்காரி மகள்:
ஐயா, கோவிச்சுக்காதீங்க. "லயமே சிரிச்சுச்சு"ன்னு நீங்களே எழுதிட்டு பேதம் இல்லன்னா எப்படி? பெரட்டுல பேர் எழுதினீங்க, சரி. பெரட்டுக்கு முன்னாடி நடந்ததை யார் எழுதினா? எங்கம்மா நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவாங்க. சோறு கட்டி, தூங்குற தம்பியைத் தோள்ல போட்டு பிள்ளைங்களைப் பார்த்துக்கிற ஆயாக் கொட்டாயில விட்டுட்டு ஓடி வருவாங்க. அப்பா முகம் கழுவிட்டு வருவாரு. பால் நிறுத்ததும் அப்பாவுக்குக் கள்ளுக்கடை, அம்மாவுக்கு விறகு.

என் மக யூனியில சமூகவியல் படிக்கிறா. டால்கட் பார்சன்ஸ்னு ஒரு அமெரிக்கர், 1950கள்ல எழுதினவர். சம்பாதிக்கிறது ஆணோட பங்கு, வீட்டையும் மனசையும் பார்த்துக்கிறது பெண்ணோட பங்கு, இப்படிப் பிரிஞ்சிருந்தாத்தான் குடும்பம் சீரா ஓடும்ங்கிறது அவர் கட்சி. மக இதைப் பாட்டிகிட்ட விளக்கினா. எங்கம்மா வெத்தலையை மென்னுக்கிட்டே, "அந்தத் தொரை எந்தத் தோட்டம்?"னு கேட்டாங்க.

அடுத்து, இன்னொரு அமெரிக்கச் சமூகவியல் ஆய்வாளர் ஹோக்‌ஷீல்ட் 1989ல எழுதினதையும் சொன்னா. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுகள்ல பொம்பளை வீட்டுக்கு வந்து பார்க்கிறது இரண்டாவது ஷிப்டாம். வருஷம் பூராவும் கூட்டினா, ராத்திரி பகல் சேர்த்து ஒரு மாசம் கூடுதலா உழைக்கிறாளாம். "ஒரு மாசந்தானா?"ன்னாங்க அம்மா.

பழைய கிராணி:
அது அமெரிக்காக் கணக்கும்மா. நம்ம பக்கம் பொருந்தாது.

வெட்டுக்காரி மகள்:
ஆமாங்கய்யா, நம்ம பக்கம் கணக்கே எடுக்கல.

கிள்ளான் மச்சான்:
நானும் ஒண்ணு சொல்றேன். மகன் பிறந்தப்ப லீவு கேட்டேன், சூப்பர்வைசர் "ஏன், நீயா பெத்த?"ன்னாரு. அது கிடக்கட்டும். சிப்புட்காரி, உங்க அண்ணனுக்கு முதல்ல ஒரு டிரையர் வாங்கச் சொல்லுங்க, வெளியே காயப்போடுற பிரச்சினையே இருக்காது. ரெண்டாவது, வேலையைப் பிரிச்சு ஒரு அட்டையில எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டணும். அண்ணிக்கு ஷிப்ட் மாறும்போது அட்டையும் மாறணும். மூணாவது, சட்டம் தெரிஞ்சுக்கணும். 2023 ஜனவரி 1லேர்ந்து தனியார் துறையிலயும் அப்பாவுக்கு 7 நாள் சம்பளத்தோட லீவு. அதே முதலாளிகிட்ட 12 மாசமாவது வேலை செஞ்சிருக்கணும், பிரசவத்துக்கு 30 நாளைக்கு முன்னாடியே சொல்லி வைக்கிறது நல்லது. அம்மாவுக்கு 60 நாள் இருந்ததை 98 ஆக்கிட்டாங்க. 98க்கு 7. பிள்ளையை யார் பார்த்துக்கணும்னு சட்டமே கணக்குப் போட்டு வச்சிருக்கு, என்னத்தைச் சொல்ல. அப்புறம், வீட்டோட இருக்கிற பொம்பளைங்க 55 வயசுக்குள்ளன்னா பெர்கேசோ (அரசாங்கத்தோட சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இல்லத்தரசி திட்டத்துல சேரலாம். 2022 டிசம்பர் 1ல ஆரம்பிச்சது, வருஷத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்). வீட்டு வேலை பார்க்கும்போது அடிபட்டா அதுக்குப் பாதுகாப்பு இருக்கு. சம்பளம் இல்லாட்டியும் அது வேலைதான்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு, மாமனுங்கதான் பாக்கி. உங்க அம்மாவைச் சேர்த்துட்டீங்களா?

சிப்புட்காரி:
அம்மாவுக்கு எழுபது ஆவுது மச்சான். டிரையரும் வேணாம். அண்ணனுக்குத் துணி காயப்போடத் தெரியும், அதுதானே நான் எழுதினதே!

புது மருமக:
எங்க வீட்டுல ஆம்பளை தடுக்கல, மாமியார்தான் தடுக்கிறாங்க. என் வீட்டுக்காரர் சூப்பர்மார்க்கெட்ல மீன் பிரிவுல வேலை. காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் மீன் வெட்டி, செதில் சீவி, பையில போட்டுக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுல கெம்போங் மீனை எடுத்துத் தொட்டியில போட்டு ஒரு கீறல்தான் கீறினார், மாமியார் உள்ளே வந்து கத்தியைப் பிடுங்கிட்டாங்க. "வீட்டுல பொம்பளை இருக்கும்போது நீ ஏண்டா இதுல கை வைக்கிற?" கத்தி என் கைக்கு வந்துச்சு. அவர் ஒரு வார்த்தை பேசல. டீவியைப் போட்டு உட்கார்ந்துட்டார், அதுலதான் எனக்கு இன்னும் ஆறல.

நான் கோழிக்கடைக்காரர் மக, மீன் வெட்டிப் பழக்கமே இல்ல. குடல் எடுக்கத் தெரியாம பித்தப்பையை உடைச்சு, குழம்பு கசந்து, மாமியாரே ஒரு வாய் வச்சுட்டுத் துப்பினாங்க. ராத்திரி எல்லாருக்கும் மெகி மீ (நூடுல்ஸ்). அதை வேணும்னா அவர் போடட்டும்னு நான் போய்ப் படுத்துட்டேன்.