"சஸ்" என்றால் திட்டா, கிண்டலா? ஆபீஸ் மெயிலில் போடலாமா?

கரூர்க்காரன்:
எட்டாவது படிக்கும் என் பையன் எதற்கெடுத்தாலும் "சஸ்" என்கிறான். நேற்று சும்மா பரோட்டா வாங்கிக்கொண்டு போனால், "அப்பா, இது செம சஸ்" என்கிறான். பசங்க பேச்சு என்று விட்டால், இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் கஸ்டமரின் அக்கவுண்டன்ட், அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒரு இன்வாய்ஸைப் பார்த்துவிட்டு "லுக்ஸ் எ பிட் சஸ்" என்று சாட்டில் போடுகிறார். இரண்டும் ஒன்றுதானா? பதில் மெயிலில் நானும் எழுதலாமா?

மீம்பித்தன்:
சஸ்பிஷியஸ், சஸ்பெக்ட் இரண்டுக்குமே அதுதான் சுருக்கம். "எங்கேயோ இடிக்குதே" என்போமே, அந்த இடத்தில் வரும். பையனுக்கு வந்தது அமாங் அஸ் என்ற வீடியோ கேமில் இருந்து. 2018ல் வந்தபோது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 2020 லாக்டவுனில் பிய்த்துக்கொண்டு போனது. விண்கலத்தில் எல்லாரும் வேலை பார்ப்பார்கள், நடுவில் ஓரிருவர் மட்டும் கொலைகாரர்கள், பிணம் கிடைத்ததும் கூட்டம் போட்டு யாரை வெளியே தள்ளுவது என்று ஓட்டுப் போட வேண்டும். அந்த அவசரத்தில் சஸ்பிஷியஸ் என்று முழுதாக யார் டைப் அடிப்பது? "ரெட் சஸ்", அதாவது சிவப்பு ஆள் மேல் சந்தேகம், முடிந்தது. இப்போது அந்த விளையாட்டை ஆடாதவனும் சொல்கிறான்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
தம்பி, அந்த அக்கவுண்டன்ட் கேம் ஆடிக் கற்றிருக்க மாட்டார். பிரிட்டனில் இது பழைய சொல். 1824ஆம் ஆண்டு வேக்ரன்சி சட்டத்தில், அதாவது தெருவில் திரிபவர்களுக்கு எதிரான சட்டத்தில், ஒரு பிரிவு, குற்றம் செய்யும் எண்ணத்தோடு ஒருவர் தெருவில் சுற்றுகிறார் என்று போலீசுக்குத் தோன்றினாலே கைது செய்ய இடம் கொடுத்தது. அதற்கு மக்கள் வைத்த பெயரே "சஸ் லா". 1970களில் அதில் அதிகம் மாட்டியவர்கள் கறுப்பினப் பையன்கள். 1981 ஏப்ரலில் லண்டன் பிரிக்ஸ்டனில் கலவரம் வெடித்ததற்குப் போலீஸ் இப்படி மறித்து மறித்துச் சோதித்தது பெரிய காரணம், அதே வருடம் அந்தப் பிரிவை நீக்கினார்கள். இங்கே வயதான கரீபியன்காரர்கள் சிலரிடம் இந்தச் சொல் விளையாட்டாக இருக்காது.

இன்னொன்று, "சஸ் அவுட்" என்றும் கேட்பீர்கள். அது சந்தேகம் இல்லை, விஷயம் என்னவென்று துருவிக் கண்டுபிடிப்பது. எழுதும்போது கடைசியில் இரண்டு எஸ் வரும்.

கிட்டார்மணி:
நடுவில் நான். இசைக் குறிப்பில் "சஸ் ஃபோர்" என்று பார்த்தால் பயப்பட வேண்டாம், அது சஸ்பெண்டட். சி கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) 'இ'யை எடுத்துவிட்டு 'எஃப்' வைத்தால் சி சஸ் ஃபோர். 😄

மீம்பித்தன்:
மணி 😂. கரூர் அண்ணா, ஒன்று விட்டுப்போச்சு. பசங்க சிலர், கூடப் படிக்கிறவனை ஓரினச்சேர்க்கையாளன் என்று சீண்டவும் இதைச் சொல்வார்கள். பரோட்டாவுக்குச் சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள், வகுப்பில் ஒருத்தனையே குறிவைத்துச் சொன்னால் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கரூர்க்காரன்:
நன்றி. மெயிலுக்கு?

ஈஸ்ட்ஹாம்வாசி:
வேண்டாம். மெரியம் வெப்ஸ்டர் அகராதியே 2022ல் சேர்த்துக்கொண்டது, ஆனாலும் இது வாய்ப்பேச்சுச் சொல்தான். அதோடு, அவர் உங்கள் இன்வாய்ஸைச் சொன்னால் கேள்வி, நீங்கள் அவர் கணக்கைச் சொன்னால் குற்றச்சாட்டு. எந்த வரியில் எந்தத் தொகை ஒத்துவரவில்லை என்று நேராக எழுதிவிடுங்கள். அந்த இன்வாய்ஸில் டாக்ஸ் நம்பர் சரியா என்று முதலில் பாருங்கள், அவர்கள் பெரும்பாலும் அதில்தான் நிற்பார்கள்.