தோட்டத்துச் சொற்கள் கைப்பேசியின் பரிந்துரையில் வராதது ஏன்?

வினா (சுங்கை சிப்புட், பேராக்)

வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அறிவிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. சென்ற வாரம் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த முன்னாள் தண்டல் (தோட்ட வேலையாள்களின் மேற்பார்வையாளர்) ஒருவர் காலமானார். "குடும்பத்தாரோடு சேர்ந்து வருந்துகிறோம்" என்று எழுத நினைத்தேன். அவசரத்தில் ஓர் எழுத்துப் பிசகவே, கைப்பேசி அதை "வருகிறோம்" என்று தானாக மாற்றிவிட்டது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அந்த வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் பெரிதுபடுத்தவில்லை என்றாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

மலாயில் எழுதினால் இரண்டு மூன்று எழுத்துகளிலேயே சரியான சொல் வந்து நிற்கிறது. தமிழிலோ தண்டல், பால்வெட்டு (ரப்பர் மரத்தில் பால் எடுப்பது), செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை போன்ற அன்றாடச் சொற்கள்கூட வருவதில்லை. "ரோமன் எழுத்திலேயே தமிழை எழுதிவிடுங்கள் அம்மா" என்கிறான் என் மகன். குழுவில் உள்ள பெரியவர்களுள் பலர் தோட்டப் பள்ளியில் தமிழ் மட்டுமே படித்தவர்கள் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வேறு வழி உண்டா?

மறுமொழி (சுங்கை பட்டாணி)

வணக்கம் அம்மா. பிழை உங்களுடையது அன்று. கைப்பேசி இதுவரை கண்ட எழுத்துகளில் எந்தச் சொல் அடிக்கடி வந்தது, எதற்குப் பின் எது வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கின்படிதான் அடுத்த சொல்லை ஊகிக்கிறது. மலாயில் வருவதைக் குறிக்கும் 'டாத்தாங்' என்ற ஒரே சொல், நான், நீ, அவர்கள், நேற்று, நாளை என எல்லாவற்றுக்கும் மாறாமல் நிற்கும். தமிழில் 'வா' என்பதோ வந்தேன், வருவோம், வராதவர், வந்துகொண்டிருந்தவர்களுக்கும் என்று விரிந்துகொண்டே போகும். இத்தனை வடிவங்களையும் ஒரு சொற்பட்டியலில் அடைக்க இயலாது. நீண்ட வடிவங்கள் ஒவ்வொன்றும் மிக அரிதாகவே வருவதால் கணக்கில் பின்தங்கிவிடுகின்றன. பால்வெட்டைப் பற்றி இணையத்தில் எழுதுவோரும் குறைவு, ஆகவே அது கைப்பேசிக்குப் புதிய சொல்லாகவே இருக்கிறது.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று: விசைப்பலகை அமைப்பில் தானியங்கித் திருத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள், சொற்களை ஊகித்துக் காட்டும் பரிந்துரைப் பட்டை இருக்கட்டும். பட்டை காட்டும் சொல்லை நீங்கள் தொட்டால்தான் அது எழுதப்படும். திருத்தமோ உங்களைக் கேட்காமலே மாற்றும். பிறகு விசைப்பலகையின் தனி அகராதியில் (நாமே சொற்களைச் சேர்க்கும் பட்டியலில்) உங்கள் சொற்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். 'தண்டல்' என்பதோடு நிறுத்தாமல் 'தண்டலுக்கு', 'தண்டலிடம்' என்பவற்றையும் சேர்ப்பது நல்லது.

மறுமொழி (தெலுக் இந்தான்)

பன்னிரண்டு பொத்தான் கைப்பேசியில் குறுஞ்செய்தி எழுதிய காலத்தவன் நான். ஒரு பொத்தானுக்குப் பல எழுத்துகள் இருக்க, தட்டிய எண்களைக் கொண்டு ஆங்கிலச் சொல்லை ஊகிக்கும் அன்றைய டி9 முறையில் 4663 என்று தட்டினால் 'குட்' என்பதும் வரும், 'ஹோம்' என்பதும் வரும். தேர்ந்தெடுப்பது நம் வேலை. தமிழுக்கு அந்த வசதியும் அப்போது எங்கள் கைக்கு எட்டவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற கைப்பேசிச் செயலி 2005இல் வெளிவந்த பிறகுதான் கைப்பேசியில் தமிழிலேயே செய்தி அனுப்பலாம் என்ற நம்பிக்கை எங்களுக்குப் பிறந்தது. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் எழுதினால் 70 மட்டுமே. அதிலும் 'தோட்டம்' என்பது நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக் கணக்கிலோ ஏழு, ஏனெனில் துணைக்குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும். அவ்வளவு நெருக்கடியிலும் தமிழில் எழுதினோம். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா. இன்றைக்கு ரோமன் எழுத்துக்குப் போக எந்தக் கட்டாயமும் இல்லை.

மறுமொழி (ஆசிரியை, பகாவ்)

சகோதரி, மேலே ஐயா சொன்ன 'தோட்டம்' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் த, ஓ, ட, ட, ம, புள்ளி என்று ஆறு தட்டல் போதும். ஒரே மெய்யை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'ந்த', 'ண்ட', 'ம்ப' போன்ற இனவெழுத்துகளுக்கும் அப்படியே. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த இந்த அமைப்பு, தமிழின் இயல்பை அறிந்து செய்யப்பட்டது. பழகச் சில வாரங்கள் ஆகலாம், ஆனால் பழகிய கை பரிந்துரையை அதிகம் நம்பியிருக்காது.

பரிந்துரையைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் உண்டு. வகுப்பில் 'பள்ளி', 'பல்லி' இரண்டும் பட்டையில் தெரிந்தால், முதலில் நிற்பதே சரி என்று பிள்ளைகள் தொட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அது உதவியாக இருக்கலாம்; லகர ளகர ழகரம் இன்னும் கைவராத பிள்ளைகளுக்கு நான் பட்டையை அணைத்தே கொடுக்கிறேன்.

வினவியவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. திருத்தத்தை அணைத்துவிட்டேன். நேற்றிரவு அம்மாவை அருகில் அமர்த்திக்கொண்டு, அவர் பால்மரக் காட்டில் பேசிய சொற்களைக் கேட்டுக் கேட்டு முப்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தனி அகராதியில் சேர்த்தேன். இன்று காலை 'பால்' என்று தட்டியதும் 'பால்வெட்டு' வந்து நின்றது. 'பால்வெட்டுக்கு' என்பது இன்னும் வரவில்லை. அதை இன்றிரவு சேர்க்கிறேன். தமிழ்99 பழகுவதற்குப் பள்ளி விடுமுறை வரும்வரை பொறுக்க வேண்டும்.