ஒரே கமெண்ட், இரண்டு பிள்ளைகள்

பாளை அம்மா:
ஆனித் தேரோட்டத்தில் எடுத்த ரீல்ஸ். காந்திமதி அம்மன் தேர் வடத்தை என் மகள்கள் இரண்டு பேரும் பிடித்து இழுக்கிறார்கள். எவனோ கீழே "கரிக்கட்டைகளுக்குப் பட்டுப்பாவாடை ஒரு கேடா" என்று எழுதிவிட்டான். பெரியவள் "போலே" என்று பிளாக் செய்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். சின்னவளும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பார்த்தால் போர்வைக்குள் வெளிச்சம். அக்கா அழிப்பதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறாள். அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதும், அந்த வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்திக்கு மட்டும் ஏன் இப்படி?

கல்லிடைக்குறிச்சிக்காரன்:
அக்கா, அழுகிற பிள்ளையாவது கண்ணில் படும். என் மகன் அழமாட்டான். கபடியில் தோற்றதற்கு வகுப்பு குரூப்பில் மீம்ஸ் போட்டார்கள். விடிய விடியப் பதிலுக்குத் திட்டினான். காலையில் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனின் சட்டையைப் பிடித்துவிட்டான். பிரித்துவிடும்போது அவன் கை நடுங்கியதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. போனைப் பிடுங்குவதுதான் ஒரே வழி.

வண்ணாரப்பேட்டை டீச்சர்:
போனைப் பிடுங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. பிடுங்கினால் அடுத்த தடவை உங்களிடம் மறைப்பான். உளவியலில் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரிப்பார்கள். அதில் நியூரோட்டிசிசம் என்பது கூடுதலாக இருக்கிறவர்களுக்குக் கெட்ட சொல் சீக்கிரம் தைக்கும், மனதில் சுற்றிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது அழுகை, சிலருக்குக் கோபம். அது குணம். வளர்ப்பில் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். கலகலப்பான பிள்ளை தோழிகளிடம் கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் அதுதான் அதிகம் போஸ்ட் போடும், திட்டும் அதிகம் வாங்கும். பெரியவளையும் கவனியுங்கள் அக்கா. இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்று உண்டு. அதைப் போட்டால் அவன் எழுதும் கமெண்ட், நீங்கள் அனுமதித்தால் ஒழிய, மற்றவர்களுக்குத் தெரியாது. மறைக்க வேண்டிய சொற்களையும் சேர்க்கலாம். தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை சேருங்கள், நம்ம பையன்கள் இரண்டிலும் எழுதுவார்கள். தூக்கம், சாப்பாடு குறைந்தால் 14416, டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். 18 வயதுக்குள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ம் உண்டு.

பாளை அம்மா:
சரி டீச்சர், சொற்களைச் சேர்த்துவிடுகிறேன். ஆனால் அவள் ஏற்கெனவே படித்துவிட்டாளே. இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை கேட்கிறாள். "நீ அழகுதான்" என்றால் "அம்மா அப்படித்தான் சொல்லுவா" என்கிறாள். இதே மாதிரிப் பிள்ளை உள்ளவர்கள் அடுத்து என்ன பேசினீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள்.